ஒரே 5டபிள்யூ-30, இரண்டு கண்டங்கள்: ஐரோப்பிய ஆயிலா, அமெரிக்க ஆயிலா?

கடைத் தட்டில் இரண்டு இன்ஜின் ஆயில் கேன்கள். இரண்டின் முகப்பிலும் 5டபிள்யூ-30, இரண்டிலும் 'ஃபுல்லி சிந்தெடிக்'. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் ஏபிஐ எஸ்பி, இல்சாக் ஜிஎஃப்-6ஏ என்று அமெரிக்க வழித் தரங்கள் இருக்கின்றன. மற்றதில் ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3, கார் நிறுவனங்களின் ஒப்புதல் எண்களான ஃபோக்ஸ்வேகன் 504.00/507.00, மெர்சிடிஸ் 229.51 என்று பட்டியல் நீள்கிறது. கிரேடு ஒன்றுதானே என்று மலிவானதை எடுப்பவர் உண்டு. விலை கூடினால் தரமும் கூடும் என்று மற்றதை எடுப்பவரும் உண்டு. இரண்டு கணக்குமே தப்பு. முதல் கேன் அமெரிக்கர் கார் ஓட்டும் விதத்தை வைத்துக் கலக்கப்பட்டது. இரண்டாவது ஐரோப்பியர் ஓட்டும் விதத்தை வைத்து. உங்கள் இன்ஜின் இவற்றில் எந்தப் பழக்கத்துக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் பாதி முடிவு கையில் வந்துவிடும்.

சாலை போட்ட விதி

1973 அரபு எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1974 தொடக்கத்தில் அமெரிக்கா நாடு முழுக்க மணிக்கு 55 மைல் (88 கி.மீ.) என்று வேக வரம்பு போட்டது. 1987-இல் ஊர்ப்புற இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு 65 மைல் வரை தளர்த்தினார்கள். 1995-இல்தான் மத்திய வரம்பை முழுதாக எடுத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்த நாட்டு இன்ஜின்கள் நிதான வேகத்துக்காகவே வடிவமைக்கப்பட்டன. கொள்ளளவு பெரிது, சுற்று குறைவு. ஐந்து லிட்டர் வி8 ஒன்று நெடுஞ்சாலையில் 1,800 ஆர்பிஎம் அளவில் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும்; சம்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) உள்ள ஆயில் 100 டிகிரி செல்சியஸைச் சுற்றியே நிற்கும்.

ஆயிலை உண்மையில் மெலிதாக்கியது 1975-இல் வந்த இன்னொரு சட்டம். ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் இவ்வளவுக்குக் குறையக்கூடாது, குறைந்தால் அபராதம் என்றது அந்த 'கஃபே' விதி. பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் கார் வாங்குபவர் ஒரு சதவீத மைலேஜைப் பொருட்படுத்துவதில்லை. வருடத்துக்குப் பல லட்சம் கார் விற்கும் நிறுவனத்துக்கோ அந்த ஒரு சதவீதம் பெரிய பணமாக இருந்தது. உதிரிபாகம் எதையும் மாற்றாமல் அதைப் பிடிக்க எளிய வழி, ஆயிலைத் தண்ணீராக்குவது. ஃபோர்டு 2001 மாடல்களில் பெரும்பாலானவற்றை 5டபிள்யூ-20-க்கு மாற்றியது இப்படித்தான். மைலேஜ் சோதனையில் எந்த ஆயிலை ஊற்றினார்களோ அதையே வாங்குபவருக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் நிபந்தனை. அமெரிக்க மேனுவலில் ஒரே ஒரு கிரேடு மட்டும் அச்சாகி, அதே காரின் வேறு நாட்டு மேனுவலில் நாலைந்து கிரேடு பட்டியல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஜெர்மனியில் நிலைமை தலைகீழ். ஆட்டோபானில் 130 கி.மீ. என்பது 1978 முதல் வெறும் பரிந்துரை வேகம். பெரும்பகுதிச் சாலைக்குக் கட்டாய வரம்பு கிடையாது. எரிபொருள் மீது வரி அதிகம், அதனால் இன்ஜின் சிறிது, அதன் தலையில் டர்போ. இரண்டு லிட்டர் டீசல் ஒன்றை 170-இல் அரை மணி நேரம் விடாமல் ஓட்டினால் ஆயில் 120, 130 டிகிரியைத் தொடும். டர்போவின் தண்டுப் பகுதியில் வெப்பம் அதைவிட மிக அதிகம். ஒரு கட்டத்தில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசல். டீசல் கரி ஆயிலில் கலந்து அதைக் கெட்டியாக்கும், கேம் முகங்களைத் தேய்க்கும். அமெரிக்கத் தரம் எழுதியவர்களுக்குக் காரில் இந்தத் தலைவலியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஜெர்மனியில் புதிய கார்களில் பெரும்பகுதி கம்பெனிப் பெயரில் பதிவாகிறது. மூன்று, நாலு வருட லீஸ். கணக்குப் பார்ப்பவர் மெக்கானிக் அல்லர், கணக்காளர். அவருக்கு வருடத்துக்கு இரண்டு சர்வீஸ் என்பதே செலவு. 30,000 கி.மீ. அல்லது இரண்டு வருடம் என்ற ஃபோக்ஸ்வேகனின் லாங்லைஃப் இடைவெளி அந்த மேசையில்தான் விலைபோனது. அமெரிக்காவில் 3,000 மைலுக்கு (4,800 கி.மீ.) ஒருமுறை ஆயில் மாற்றுவது பல தலைமுறையாக ஊறிய வழக்கம். காரை விட்டு இறங்காமலே மாற்றிக்கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு. இன்று அங்கும் இடைவெளி கூடிவிட்டது. ஆனால் தரத்தின் அடித்தளம் அந்தக் குறுகிய இடைவெளியில் போடப்பட்டது.

முகப்பில் அச்சிடாத எண்

5டபிள்யூ-30 என்பதில் '30' என்றால், 100 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மை (எவ்வளவு கெட்டி என்ற அளவு) 9.3-க்கும் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்கும் இடையே இருக்கிறது என்று பொருள். இந்த வீச்சு பெரிது. அமெரிக்க 5டபிள்யூ-30 இதன் கீழ்ப்பாதியில் உட்காரும். சி3 வகை 5டபிள்யூ-30 மேல் விளிம்பை ஒட்டி, 12-க்குப் பக்கத்தில் நிற்கும். ஒரே கிரேடு என்றாலும் கையில் ஊற்றிப் பார்த்தாலே சிலருக்கு வித்தியாசம் தெரியும்.

இதைவிட முக்கியமான எண் எச்டிஎச்எஸ். 150 டிகிரியில், கிராங்க் பேரிங்குக்குள் நசுங்கும் அளவுக்கு வேகமாகத் தேய்க்கும்போது மிஞ்சும் பாகுத்தன்மை அது. ஆயிலில் கலந்துள்ள பாலிமர் சங்கிலிகள் அந்த அழுத்தத்தில் ஓட்டத்தின் திசைக்குத் தளர்ந்து படுத்துவிடும். சாதாரணச் சோதனையில் கெட்டியாகத் தெரிந்த ஆயில் அங்கே மெலிந்துவிடும். கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் விதிப்படி 30 கிரேடுக்கு எச்டிஎச்எஸ் குறைந்தது 2.9 இருந்தால் போதும், 20-க்கு 2.6, 16-க்கு 2.3. ஐரோப்பியத் தரத்தின் ஏ3/பி4, சி3 ஆகிய இரண்டு வகைகளும் குறைந்தது 3.5 கேட்கின்றன. அதாவது பெயரில் 30 கிரேடு, பேரிங்குக்குள் 40 கிரேடின் தடிமன். கடையில் இந்த எண்ணை எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். 'சி3' என்ற இரண்டு எழுத்துதான் அதற்கு அடையாளம்.

ஜெனரல் மோட்டார்ஸ் இதை மறைக்காமலே செய்தது. 2011 மாடல்களோடு டெக்சோஸ் என்ற சொந்தத் தரத்தைக் கொண்டுவந்தபோது இரண்டாகப் பிரித்தது: அமெரிக்க பெட்ரோல் கார்களுக்கு டெக்சோஸ்1, ஐரோப்பாவில் அது அப்போது விற்ற ஓப்பல் வகையறாவுக்கு, டீசலையும் சேர்த்து, டெக்சோஸ்2. ஒரே நிறுவனம், இரண்டுக்கும் 5டபிள்யூ-30 உண்டு. முதலாவது இல்சாக் வழியில் மெலிது. இரண்டாவது எச்டிஎச்எஸ் 3.5-க்குக் குறையாமல், டிபிஎஃப்-க்கு (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) ஏற்றபடி சாம்பல் குறைத்தது.

ஃபோர்டின் மஸ்டாங் இன்னொரு சாட்சி. சாதாரண 5.0 லிட்டர் ஜிடிக்கு 5டபிள்யூ-20 ஊற்றச் சொன்ன அதே நிறுவனம், அதே இன்ஜின் குடும்பத்தை ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்து பாஸ் 302 என்று 2012-இல் விற்றபோது 5டபிள்யூ-50 கேட்டது. ஓட்டும் விதம் மாறினால் ஆயிலும் மாறும் என்று உற்பத்தியாளரே ஒப்புக்கொண்ட மாதிரி.

எந்தச் சோதனையில் தேறியது?

ஒரு தரத்தின் குணம் அதன் சோதனை இன்ஜின்களில் தெரியும். அமெரிக்கச் சோதனைகளில் ஸீக்வன்ஸ் விஎச் என்பது ஃபோர்டு 4.6 லிட்டர் வி8-ஐ 216 மணி நேரம் ஓட்டுகிறது. பெரும்பாலும் குறைந்த, நடுத்தர வெப்பத்தில், நின்று நின்று. குளிர்காலத்தில் பள்ளிக்கும் கடைக்குமாகச் சின்னச் சின்னப் பயணம் போகும் காரின் நகல் அது. ஆயில் சூடேறாததால் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் சம்பில் தங்கி, கருப்புக் களிம்பாகப் படியும் ஸ்லட்ஜ்தான் அங்கே எதிரி. அதிவெப்பச் சோதனையும் உண்டு: கிரைஸ்லர் 3.6 லிட்டர் வி6-இல் ஆயிலை 150 டிகிரியை ஒட்டிச் சுட வைத்து 90 மணி நேரம். அமெரிக்க ஆயில் சூட்டைத் தாங்காது என்று சொல்வது அதனால் மிகை.

ஐரோப்பியப் பட்டியலில் மெர்சிடிஸ் ஓஎம்646 டீசலின் 300 மணி நேரத் தேய்மானச் சோதனை, பெஜோ டீசலில் கரி ஆயிலை எவ்வளவு கெட்டியாக்குகிறது என்ற சோதனை, ஃபோக்ஸ்வேகன் டிடிஐ-இல் பிஸ்டன் ரிங் சிக்கிக்கொள்கிறதா என்ற சோதனை எல்லாம் இருக்கின்றன. முழு ஆக்சிலரேட்டரில் நெடுநேரம் ஓடும் டீசல்தான் இவற்றுக்கு முன்மாதிரி.

ஆவியாதலிலும் இந்த வேறுபாடு தெரியும். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எவ்வளவு ஆயில் ஆவியாகலாம் என்பதற்கு இல்சாக் 15 சதவீதம் அனுமதிக்கிறது, ஏ3/பி4-உம் சி3-உம் 13 சதவீதம். அமில எதிர்ப்புச் சேமிப்பான டிபிஎன், ஏ3/பி4-இல் குறைந்தது 10. அது பெரிதாக இருப்பதால்தான் நீண்ட இடைவெளி சாத்தியம்.

நிர்வாகத்தில் ஒரு வித்தியாசம், வாங்குபவர் கவனிக்க வேண்டியது. ஏபிஐ கட்டணம் வாங்கி உரிமம் தருகிறது. சந்தையிலிருந்து கேன் எடுத்துச் சோதிக்கவும் செய்கிறது. ஏசிஇஏ என்பது 1991-இல் அமைந்த கார் உற்பத்தியாளர் சங்கம். 1996 முதல் தரங்களை வெளியிடுகிறது, ஆனால் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. 'ஏசிஇஏ சி3' என்று அச்சிடுவது ஆயில் நிறுவனத்தின் சொந்தப் பொறுப்பு. ஆகவே ஐரோப்பிய ஆயில் வாங்கும்போது ஏசிஇஏ எழுத்தோடு நிற்காமல், கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிலும் வார்த்தை முக்கியம். 'ஒப்புதல் பெற்றது' என்றால் நிறுவனம் சோதித்து ஏற்றிருக்கிறது. 'தேவைகளைப் பூர்த்தி செய்யும்', 'இதற்குப் பொருத்தமானது' என்றெல்லாம் இருந்தால் அது விற்பவரின் வாக்கு மட்டுமே.

மாற்றி ஊற்றினால் என்ன கெடும்

ஐரோப்பிய இன்ஜினில் அமெரிக்கப் பழக்கம் மோதியதற்கு நல்ல பாடம், ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல். 1998 முதல் 2004 வரையிலான பஸாட் கார்களில் அது நீளவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. சம்ப் சின்னது, டர்போ சூடு அதிகம். அமெரிக்காவில் அதில் சாதாரண 5டபிள்யூ-30 போய்க்கொண்டிருந்தது. டர்போவில் வெந்த ஆயில் கரியாகி, துகள் சம்புக்கு வந்து ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்தது. அடைத்ததும் முதலில் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கும், பிறகு டர்போ, கேம் என்று வரிசையாகப் போகும். நிறுவனம் ஸ்லட்ஜ் சேதத்துக்கு வாரண்டியை 8 ஆண்டாக நீட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு 502.00 ஒப்புதல் உள்ள சிந்தெடிக் ஆயில்தான் வேண்டும் என்ற வலியுறுத்தல் இறுகியது.

எதிர்த்திசைத் தவறு அவ்வளவு ஆபத்தில்லை. 0டபிள்யூ-20 கேட்கும் ஜப்பானிய பெட்ரோல் இன்ஜினில் 5டபிள்யூ-40 ஏ3/பி4 ஊற்றினால் மைலேஜ் ஒன்றிரண்டு சதவீதம் குறையும், வால்வு டைமிங் மாற்றும் அமைப்பு குளிர்ந்த நிலையில் கொஞ்சம் மந்தமாகும். வாரண்டி சண்டை வரலாம். இன்ஜின் உடையாது. டொயோட்டாவின் அமெரிக்க மேனுவல்களே அதிவேகத்துக்கும் அதிக பாரத்துக்கும் பாகுத்தன்மை கூடிய ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கின்றன. பலர் படிக்காத வரி.

சாம்பல் விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். ஆயிலில் உள்ள கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். டிபிஎஃப்-இல் சேரும் கரியை, ஃபில்டரைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனில் எரிக்கலாம். சாம்பலை எரிக்க முடியாது. ஏ3/பி4-இல் சாம்பல் 1.6 சதவீதம் வரை போகலாம், சி3-இல் 0.8-தான் உச்சம். ஒரு லிட்டர் ஆயில் சுமார் 850 கிராம். கார் 10,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், லட்சம் கி.மீ.யில் முதல் வகை அதிகபட்சம் 136 கிராம் சாம்பலை விடும், இரண்டாவது 68 கிராம். ஃபில்டரின் ஆயுளில் பாதியை அந்த வித்தியாசம் தின்றுவிடும். புதிய டிபிஎஃப் விலையைப் பக்கத்தில் வைத்தால் கேனில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

சாம்பல் குறைந்தது எங்கும் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பல் தரும் அதே உலோகச் சேர்மங்கள்தான் அமிலத்தையும் முறிக்கின்றன. பெட்ரோலில் கந்தகம் அதிகமுள்ள நாட்டில் சாம்பல் குறைந்த சி வகை ஆயிலின் டிபிஎன் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிஎம்டபிள்யூ தன் லாங்லைஃப்-04 ஆயிலைப் பெட்ரோல் இன்ஜினுக்கு ஐரோப்பாவிலும் ஒட்டிய சில நாடுகளிலும் மட்டும் அனுமதித்து, மற்ற இடங்களுக்கு லாங்லைஃப்-01 என்று பிரித்தது இதனால்தான். ஐரோப்பாவில் 2009 முதல் கந்தகம் 10 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் பத்து பங்கு). அமெரிக்க பெட்ரோலில் சராசரி 10 பிபிஎம் என்ற வரம்பு 2017-இல்தான் வந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 எரிபொருளோடு 50-இலிருந்து 10-க்கு இறங்கியது. அதற்கு முன் எழுதிய பழைய அறிவுரைகளைப் படித்துவிட்டு இன்று சி3-ஐ ஒதுக்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டும் நெருங்குகின்றன

2021-இல் முழுதாக நடைமுறைக்கு வந்த, கி.மீ.க்கு 95 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்ற இலக்கு ஐரோப்பாவையும் அமெரிக்காவின் வழிக்குத் தள்ளியது. ஃபோக்ஸ்வேகன் 508.00/509.00 ஒரு 0டபிள்யூ-20, எச்டிஎச்எஸ் 2.6 அளவுக்கு இறங்கிவிட்டது. சாயம் போட்டுப் பச்சையாகவே வருகிறது. அதை 504.00/507.00 கேட்கும் பழைய இன்ஜினில் ஊற்றக்கூடாது. புதிய ஏபிஐ எழுத்து பழையதை உள்ளடக்கும், எஸ்பி இருந்தால் அதற்கு முந்தைய எஸ்என்னுக்கும் செல்லும். ஐரோப்பியப் பட்டியலில் அந்தச் சலுகையை நம்பக்கூடாது.

அந்தப் பக்கம் அமெரிக்காவும் சிறிய டர்போ பெட்ரோலுக்கு மாறியதும், குறைந்த சுற்றில் அழுத்திமிதிக்கும்போது கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும் சிக்கலைச் சந்தித்தது. கால்சியம் அதிகமான ஆயிலில் இது கூடுகிறது. மெக்னீசியத்துக்கு ஓரளவு மாறினால் குறைகிறது. 2020 மே மாதம் வந்த இல்சாக் ஜிஎஃப்-6-இல் இதற்கும் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் ஃபோர்டு 2.0 டர்போவை வைத்துச் சோதனை சேர்த்தார்கள். ஏசிஇஏ 2021-இல் அதே இரண்டையும் தன் சி6, ஏ7/பி7 வகைகளுக்குக் கடன் வாங்கியது.

உங்கள் காருக்கு எது

மேனுவலில் கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண் இருந்தால் அதுவே தீர்ப்பு. கிரேடு அதற்குப் பிறகுதான். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன், மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ எல்லாம் இந்த வகை. டிபிஎஃப் உள்ள பிஎஸ்-6 டீசலுக்கு சி வகை மட்டும். டிபிஎஃப் இல்லாத பழைய டர்போ டீசலுக்கு ஏ3/பி4 5டபிள்யூ-40 தாராளமாகப் போதும்; அதற்கு சி3 வாங்குவது வீண். ஜப்பானிய, கொரிய சாதாரண பெட்ரோலுக்கு மேனுவல் சொல்லும் கிரேடில் ஏபிஐ எஸ்பி. சிறிய டர்போ பெட்ரோலுக்குக் குறைந்தது எஸ்பி கட்டாயம். எஸ்என் மட்டும் உள்ள பழைய இருப்பைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம்.

பைக்கில் இவை எதையும் ஊற்றாதீர்கள். ஆயிலில் மூழ்கிய கிளட்ச் வழுக்கும்; அங்கே பைக்குக்கான ஜாசோ எம்ஏ தரத்தைப் பார்க்க வேண்டும்.

'நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான்' என்று மெக்கானிக்குகள் சொல்வது பாதி உண்மை. குளிர்விப்பு நீர் எங்கும் 90 டிகிரியை ஒட்டியே நிற்பதால், சென்னையின் 40 டிகிரி பேரிங்குக்குள் பெரிதாகத் தெரியாது. வேகமும் பாரமும்தான் தெரியும். சென்னை–திருச்சி சாலையில் முழு பாரத்தோடு 120-இல் அடிக்கடி போகிறவருக்கு ஐரோப்பியத் தடிமன் பொருந்தும். மேனுவல் இரண்டு கிரேடு அனுமதித்தால் கெட்டியானதை எடுக்கலாம். நகர நெரிசலில் ஏசி போட்டு ஊர்பவருக்குத் தடிமனைவிட இடைவெளி முக்கியம். சராசரி வேகம் 20 என்றால் 10,000 கி.மீ. என்பது 500 மணி நேர ஓட்டம்; நெடுஞ்சாலையில் 80 என்றால் அது 125 மணி நேரம்தான். ஓடோமீட்டரில் ஒரே எண், இன்ஜின் உழைத்தது நாலு மடங்கு. ஐரோப்பிய லேபிளில் 30,000 கி.மீ. என்று இருந்தாலும் நகரக் காருக்கு 7,500-இல், அல்லது வருடம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஃப்ளஷ் தேவையில்லை. இன்ஜினைச் சூடாக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் வடியவிட்டு, ஃபில்டரையும் ட்ரெயின் வாஷரையும் மாற்றினால் போதும். ஆயில் குறைந்து வழியில் டாப்-அப் செய்ய நேர்ந்தால், வகை மாறினாலும் அரை லிட்டர் ஊற்றிக்கொள்ளலாம், வறண்டு ஓட்டுவதைவிட நல்லது. டிபிஎஃப் டீசலில் மட்டும் டிப்ஸ்டிக்கை இருபக்கமும் கவனிக்க வேண்டும். குறுகிய பயணங்களில் ரீஜெனரேஷன் பாதியில் நின்றால், கரியை எரிக்கத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே சம்புக்கு இறங்கி, அளவு மேக்ஸ் கோட்டைத் தாண்டி ஏறும், ஆயில் நீர்க்கும். அப்படி ஏறியிருந்தால் எத்தனை கி.மீ. ஓடியது என்று பார்க்காமல் அந்த ஆயிலை வடித்துவிட்டு, ரீஜெனரேஷன் ஏன் முடிவதில்லை என்று ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.